மூன்றரை மணிக்குப் பூட்டப்படும் பால்வாடி

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவந்தார். காலை எட்டரைக்கு உள்ளே போனால், ஒன்றரை ஷிப்டு ஓடும் நாள்களில் இரவு எட்டு மணிக்குத்தான் வெளியே வர முடியும். அவருடைய மூன்று வயது மகன் போய்வந்த பால்வாடியோ பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் பூட்டப்பட்டுவிடும். இடையில் இருந்த நான்கரை மணி நேரத்தைத் தாங்கிப் பிடித்தவர் பையனின் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா. முழங்கால் வலி முற்றி அவர் ஊருக்குத் திரும்பியபோது, வேலையை விட்டது மருமகன் அல்ல, மகள்தான்.

குழந்தைக் காப்பகத்தை நம் சட்டங்கள் பெரும்பாலும் முதலாளியின் பொறுப்பாகவே பார்த்துவந்திருக்கின்றன. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 50 ஊழியர்கள் இருந்தாலே வேண்டும் என்றது மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம். பெண்களை வேலைக்கு எடுத்தால் செலவு கூடும் என்று முதலாளி கணக்குப் போடுவதற்கு முதல் சட்டமே வழிகாட்டிவிட்டது; வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணோ இரண்டிலுமே இல்லை. ஆகவே இந்தச் செலவைப் பொதுப்பணத்திலிருந்து அரசே ஏற்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குப் புதிதாக அடித்தளம் போட வேண்டியதில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். பால்வாடிகளிலும் பள்ளிகளிலும் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் சேர்ந்து, இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகளை நமக்குத் தந்திருக்கின்றன. இடமும் அடுப்பும் முட்டையும் இருக்கின்றன. இல்லாதவை நேரமும் ஆளும்தான். ஒரு பணியாளர் எடை பார்த்து, பதிவேடு எழுதி, செல்பேசிச் செயலியிலும் விவரம் ஏற்ற வேண்டியிருக்கிறது. உதவியாளர் ஒரு கையால் முட்டையை உதிர்த்தபடி, மறு கையால் அழும் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். இவர்களுக்குக் கிடைப்பது வழக்கமான அரசுச் சம்பளம்கூட இல்லை, அதைவிடக் குறைந்த சிறப்புக் காலமுறை ஊதியம். மாலை ஏழு, எட்டு வரை திறந்துவைக்க இன்னொரு முறைப் பணியாளர்கள் தேவை, அதுவும் முறையான ஊதியத்தோடு. இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வருகிறது. அந்தக் குழந்தையைப் பகலில் விட்டுச்செல்ல இடம்தான் இல்லை.

வருமானம் பார்க்காமல் எல்லோருக்கும் இது வேண்டும் என்றால், வசதியுள்ளவர்களுக்கும் எதற்கு என்று கேட்பார்கள். மகளிர் கட்டணமில்லாப் பேருந்தில் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை; கேட்டிருந்தால், மாதத்துக்கு மாதம் கூலி மாறும் பெண்தான் முதலில் இறக்கிவிடப்பட்டிருப்பார். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் குழந்தைக் காப்பகத்துக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்தது. வேலைக்குச் செல்லும் தாய்மாரின் எண்ணிக்கை உயர்ந்தது. அவசரமாக விரிவாக்கியதில் தரம் குறைந்தது என்ற குறையும் அங்கே உண்டு. அதனால்தான் ஆளையும் ஊதியத்தையும் முதலில் சொன்னேன்.

பக்கத்து வீட்டுப் பெண் இப்போது வீட்டிலேயே பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுகிறார். மூன்றரைக்குத் திரும்பிவரும் பையன் பனியன் குவியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வதால், கத்தரிக்கோலை அவன் கைக்கு எட்டாமல் ஜன்னல் கம்பியில் மாட்டிவைத்துவிட்டு, அவன் தூங்கிய பிறகுதான் மீதியை எடுக்கிறார்.