கையை எப்போது எடுப்பது

சிறப்புக் கல்விப் பட்டயப் படிப்பில் சேருகிறவர்களிடம் பொறுமை வேண்டும், பாசம் வேண்டும் என்றுதான் எல்லாரும் சொல்லியனுப்புகிறார்கள். இரண்டும் கொஞ்சமாவது இல்லாதவர்கள் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதே இல்லை. இரண்டு வருடப் பயிற்சியில் ஆளைத் திணறடிப்பது, செய்கிற உதவியைக் குறைத்துக்கொண்டே வருவதுதான்.

முதல் சறுக்கல் மதிப்பீட்டில். சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய எம்.டி.பி.எஸ்., அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை எதையெல்லாம் தானே செய்கிறது என்று குறிக்கும் படிவம்; அதில் 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 செயல்கள், ஆக 360. ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்துக் குறிக்க வேண்டியது. பயிற்சி மாணவர்களோ பிள்ளையின் அம்மாவிடம் கேட்டு ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். “தானே சாப்பிடுவானா?” “ஓ, சாப்பிடுவானே!” பொய்யில்லை. சோற்றைப் பிசைந்து, உருட்டி, தட்டோரம் அடுக்கிவைத்தது அம்மாவின் கை; எடுத்து வாயில் போட்டது மட்டும்தான் அவன். மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது இலக்கு எழுதுவது. “உடை அணிவதில் முன்னேற்றம்” என்று எழுதினால் மூன்று மாதம் கழித்து ஆளுக்கொரு கருத்து சொல்லலாம். “மார்பு வரை போட்டுவிட்ட டி-ஷர்ட்டை, யாரும் சொல்லாமல், ஐந்தில் நான்கு தடவை இடுப்பு வரை இழுத்துவிடுவான்” என்றால் எண்ணிப் பார்த்துவிடலாம்.

டி-ஷர்ட்டைக் கடைசிப் படியிலிருந்து சொல்லிக்கொடுப்பது காரணமாகத்தான். தலை, இரண்டு கை எல்லாம் நாம் நுழைத்துவிட்டு, கீழே இழுப்பதை மட்டும் அவனுக்கு விடுகிறோம். வேலை அவன் கையில் முடிகிறது. பாராட்டும் அங்கேயே கிடைக்கிறது. அது படிந்ததும் இரண்டாவது கையை நுழைப்பது, பிறகு முதல் கை, கடைசியாகத் தலை. ஒரு அளவு பெரிய சட்டையாக, முன்பக்கம் படம் போட்டதாக இருந்தால் நல்லது. எதிரே நிற்காமல் பின்னால் உட்கார வேண்டும், எதிரே நின்றால் இடம் வலம் குழம்பும். நம் பிடி மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து தோளுக்கு என்று நகர்ந்து, ஒருநாள் விட்டுப்போகும்.

உதவியைக் குறைக்கவிடாமல் இழுத்துப் பிடிப்பது நம் வாய்தான். “இழு, இழு, இன்னும் கொஞ்சம்… ஆங்!” இதைத் தினமும் கேட்கிற பிள்ளை, சட்டையை விட்டுவிட்டு அந்தக் குரலுக்காகக் காத்திருக்கப் பழகிவிடும். கையை எடுப்பதைவிடக் குரலை எடுப்பது கஷ்டம். ஒரு தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அந்த ஐந்து வினாடி பயிற்சி மாணவர்களுக்கு ஐந்து நிமிடமாகத் தெரியும். மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

வலிப்புக்கு மட்டும் நேர் எதிராகப் பழக வேண்டும்: உடனே மணி பார்ப்பது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதையும் திணிக்காமலிருப்பது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108. சாவிக்கொத்தோடு ஓடிவருகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லும் தைரியமும் பயிற்சியில் சேர்த்தி.

படித்து முடித்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். 1992 சட்டப்படி அது இல்லாமல் இந்த வேலை பார்க்கக் கூடாது. எண் வந்த பிறகும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. பள்ளியில் தானே சட்டையை இழுத்துவிடுகிற பையன் வீட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது எந்த அம்மா ஐந்து எண்ணுவார்? வீட்டுப் பயிற்சியைச் சாயங்காலம் யூனிஃபார்ம் மாற்றுகிற நேரத்துக்கு எழுதிக்கொடுங்கள். அப்போது யாருக்கும் அவசரமில்லை.