முட்டைக்குள் விழும் வெளிச்சம்: இரண்டு பெட்டிகளில் செய்து பார்த்தது

தெர்மாகோல் பெட்டியில் குண்டு பல்பை மாட்டித்தான் நாட்டுக்கோழி முட்டைகளை அடை வைத்து வருகிறேன். அந்த பல்பு சூட்டோடு வெளிச்சத்தையும் தருகிறது என்பதை நான் பொருட்படுத்தியதே இல்லை. பொரிப்பதற்கு முந்தைய சில நாட்களில் குஞ்சு தன் இடக்கண்ணை உடம்போடு ஒட்டி மறைத்து, வலக்கண்ணை ஓட்டின் பக்கம் திருப்பியபடி மடங்கிக் கிடக்கிறது. ஓட்டின் வழியே கசியும் ஒளி அந்த ஒரு கண்ணை மட்டும் தூண்டுவதால் மூளையின் இரு பாதிகளும் தீனி பொறுக்குவது, ஆபத்தைக் கவனிப்பது என்று வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ராஜர்ஸ் 1980-களிலிருந்து காட்டிவந்திருப்பதைப் படித்த பிறகே, இருட்டில் ஓர் அடை வைத்துப் பார்க்கும் எண்ணம் வந்தது.

இரண்டு பெட்டிகளிலும் 12 முட்டைகள் வீதம் வைத்தேன். இரண்டாவதன் பல்பைப் பால்பவுடர் டப்பாவுக்குள் அடைத்து, மூடியின் விளிம்பில் கறுப்புத் துணியைச் சுற்றினேன். டப்பா சூடேறி முதல் இரவே 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டியதால் பல்பை இன்னும் உயரத்தில் மாட்டி 99.5-க்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. 18-ஆம் நாள் முட்டைகளைப் புரட்டுவதை நிறுத்தியபின் இருட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை. சில மணி நேர வெளிச்சமே அந்தப் பங்கீட்டை உண்டாக்கப் போதும் என்பதால் தண்ணீரைக்கூட வெளியிலிருந்து குழாய் வழியாகவே விட்டேன்.

வெளிச்சத்தில் 9, இருட்டில் 8 பொரித்தன. காலில் வண்ண நூல் கட்டி எல்லாவற்றையும் ஒன்றாகவே வளர்த்தேன். ஐந்தாம் நாள், சிறு கற்களைப் பசையால் ஒட்டிய பலகையில் நொய்யைத் தூவி ஒவ்வொன்றாக விட்டேன். தனியே விட்டால் கத்திக்கொண்டே நிற்கும் என்பதால் பக்கத்தில் கம்பிக்கூண்டில் ஒரு துணைக்குஞ்சையும் வைத்தேன். வெளிச்சக் குஞ்சுகளில் பெரும்பாலானவை இருபது கொத்துக்குள் கல்லை விட்டுவிட்டன. இருட்டுக் குஞ்சுகளில் ஐந்து கடைசிவரை கல்லையும் கொத்தின.

பருந்து வடிவில் வெட்டிய கறுப்பு அட்டையை மேலே நகர்த்தியபோதுதான் வேறுபாடு கண்ணுக்கே தெரிந்தது. சிவப்பு நூல் கட்டிய வெளிச்சக் குஞ்சு தலையைச் சாய்த்து இடக்கண்ணால் அட்டையை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி நொய்யைப் பொறுக்கியது. நீல நூல் கட்டிய இருட்டுக் குஞ்சோ கீச்சிட்டு உறைந்து நின்று, திரும்பக் கொத்தத் தொடங்கியதும் நேராகக் கல்லில்தான் கொத்தியது.

எட்டும் ஒன்பதும் மிகச் சிறிய எண்ணிக்கை. டப்பாவின் சூடும் குறுக்கிட்டிருக்கலாம். ஆகவே அடுத்த அடையில் இரு பல்புகளையும் டப்பாவுக்குள் வைத்து, ஒரு பெட்டியில் மட்டும் சூடேறாத சிறு எல்.இ.டி. விளக்கைக் கடைசி மூன்று நாட்கள் எரியவிடப் போகிறேன்.