பிணைந்த ஃபோட்டானும் சிங்கப்பூர் தகவலும்

சிம்மக்கல் டீக்கடையில் ஒரு அண்ணன் அடித்துப் பேசுகிறார், பிணைந்த ஃபோட்டான் ஜோடி (எவ்வளவு தூரம் பிரிந்தாலும் அளக்கும்போது விடைகள் பொருந்தி வரும் இரண்டு ஒளித்துகள்கள்) கையில் இருந்தால் மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு ஒளியை முந்திக்கொண்டு தகவல் அனுப்பிவிடலாமாம். யூடியூப் செய்த வேலை. முடியாது அண்ணே! ஒரு பக்க ஃபோட்டான்களை அளந்து வரும் விடைகளை மட்டும் பார்த்தால் காசு சுண்டிப் போட்ட மாதிரி தாறுமாறாகத்தான் வரும், இரண்டு பக்கத்தையும் போனிலோ மெயிலிலோ ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பொருத்தமே தெரியும்.

அந்த ஜோடியை உண்டாக்கும் விதம்தான் எனக்குப் பிடித்தது. மெல்லிய பிபிஓ (பேரியம் போரேட்) படிகம் இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, 405 நானோமீட்டர் ஊதா லேசரை உள்ளே விடுகிறார்கள். கோடிக்கணக்கான ஃபோட்டான்கள் சும்மா கடந்துபோகும், எப்போதாவது ஒன்று மட்டும் 810 நானோமீட்டர் ஃபோட்டான்கள் இரண்டாகப் பிரியும். எந்தப் படிகத்தில் பிரிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, பிணைப்பே அதில்தான் இருக்கிறது. இரண்டு டிடெக்டரும் சில நானோ நொடிக்குள் சேர்ந்து கிளிக் ஆனால்தான் கணக்கு.

சரி, இதை வைத்துக் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யலாமா? அங்கேதான் இடிக்கிறது. கணக்குப் போட ஒன்று இன்னொன்றைப் பாதிக்க வேண்டும், ஃபோட்டான்களோ ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை, போதாததற்கு வழியிலேயே பாதி தொலைந்துவிடும். 2020இல் சீனாவின் ஜியுஜாங் என்ற ஒளிக் குவாண்டம் கம்ப்யூட்டர் 76 ஃபோட்டான்கள் வரை பிடித்துக் காட்டியது, பெரிய சாதனைதான், ஆனால் அது ஒரே ஒரு வகைக் கணக்குக்கான இயந்திரம். அதனால் 'குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாச்சு, பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் போச்சு' என்று ஃபார்வர்டு போடும் குரூப் அட்மின்கள் கொஞ்சம் பொறுங்கள்.