சேர்வராயன் உச்சியில் ஒரு கிரீன்லாந்துக் கல்

ஏற்காடு போனால் ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் ஒரு போட்டோ, சூடாக மிளகாய் பஜ்ஜி, அவ்வளவுதான் என் வழக்கம். இந்த முறை ஜியாலஜி வாத்தியாராக இருக்கும் நண்பர் கூட வந்தார். மலையேறும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவருக்கு விட்டுக்கொடுத்தேன். கொண்டை ஊசி வளைவு இருபதிலும் பாறை வெட்டிய இடங்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். கருநீலமாக, எண்ணெய் தடவியது போல மினுங்கும் சார்னோகைட் பாறை அது. கீழே சேலத்துப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள், அதாவது மேக்னசைட் வெட்டிய குழிகள், வெயிலில் கண் கூசின.

சேர்வராயன் கோயில் உச்சி 5,326 அடி. உச்சி என்றால் கூர்மையாக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பந்து விளையாடலாம் போல அகன்ற மேடு. காலுக்குக் கீழே சிவப்பும் வெளிர்ரோஜாவும் கலந்த கட்டிகள். எல்லாம் பாக்சைட். சார்னோகைட் பாறை யுகக்கணக்கில் மழையில் ஊறி, சிலிக்கா கரைந்து போய், அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சி நின்ற மண். 1960களில் மேட்டூரில் தொடங்கிய மெட்ராஸ் அலுமினியம் ஆலைக்கு இந்த மலையிலிருந்தும் பாக்சைட் போனது.

மண்ணைச் சுத்தம் செய்தால் அலுமினா என்ற வெள்ளைத்தூள் கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அலுமினா உருக 2,072 டிகிரி வேண்டும். அந்த வெப்பத்தில் ஆலை நடத்திக் கட்டுப்படியாகாது. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே வழியைப் பிடித்தார்கள். கிரையோலைட் என்ற கனிமத்தை உருக்கி, அதில் அலுமினாவைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சினால் சுமார் 960 டிகிரியிலேயே அலுமினியம் அடியில் இறங்கிவிடும். (இருவரும் பிறந்தது 1863, இறந்தது 1914. ஜோசியர்கள் கவனிக்க.)

கோயிலருகே டீ குடிக்கும்போது நண்பர் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார். உள்ளே பஞ்சில் சுற்றிய, புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளைக் கல். கிரீன்லாந்தின் இவிட்டூட் சுரங்கத்துக் கிரையோலைட். அங்கங்கே பழுப்புப் புள்ளிகள். அது சிடரைட் என்ற இரும்புக் கனிமம் என்றார். செப்புக் காசால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மென்மை. கடைக்காரரிடம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வாங்கிக் கல்லை உள்ளே போட்டார்.

கல் ஏறக்குறைய மறைந்துவிட்டது! பழுப்புப் புள்ளிகள் மட்டும் அந்தரத்தில் நிற்கின்றன. சுற்றிலும் லேசான புகை போல ஒரு விளிம்பு. கரையவில்லை, தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.333, கிரையோலைட்டுக்கு 1.338. வெளிச்சம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைவதால் கண்ணுக்கு எல்லை பிடிபடுவதில்லை.

பக்கத்து பெஞ்சில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “என்னங்க அது?”

“கிரையோலைட்ங்க ஐயா.”

“அட! மேட்டூர்ல பாட் ரூம்ல இருந்தப்போ மூட்டை மூட்டையா கொட்டியிருக்கறனுங்க. மாவாத்தான் வரும். கல்லா இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

பாட் ரூம் என்றால் அலுமினியம் பிரிக்கும் தொட்டிகள் இருக்கும் கூடம். அவர் சொன்னதில் வியப்பில்லை. உலகில் பெரிய அளவில் இந்தக் கனிமம் வெட்டப்பட்டது இவிட்டூட்டில் மட்டுமே. கிரானைட் குழம்பு இறுகும்போது கடைசி மிச்சத்தில் ஃபுளோரினும் சோடியமும் மிதமிஞ்சிச் சேர்ந்தால்தான் இது உருவாகும். கொலராடோவின் பைக்ஸ் பீக், ரஷ்யாவின் இல்மென் மலை போன்ற இடங்களில் கொஞ்சம் உண்டு. சேர்வராயனில் தேடிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானம் செய்ய அலுமினியம் வேண்டியிருந்ததால் அமெரிக்கா அந்தச் சுரங்கத்துக்குக் காவலே போட்டது. 1987இல் அது மூடப்பட்டது. ஆலைகளுக்கு அதற்கு முன்பிருந்தே செயற்கைக் கிரையோலைட் வந்துவிட்டது: ஃபுளோரைட் கனிமத்திலிருந்து ஃபுளோரினை எடுத்து, சோடியம் மூன்று, அலுமினியம் ஒன்று, ஃபுளோரின் ஆறு என்று அதே கணக்கில் சேர்ப்பார்கள்.

எனக்கு அதைவிடப் பெரியவரின் பேச்சுதான் பிடித்தது. தொட்டியில் உருகிய கிரையோலைட் குழம்பின் மேல் ஏடு கட்டுமாம். அதை உடைத்துத்தான் அலுமினா போட வேண்டும். அலுமினா குறைந்தால் வோல்ட்டேஜ் எகிறி, தொட்டியின் மேலிருக்கும் பல்பு எரியும். “அப்போ பச்ச மரக்கொம்பு ஒண்ண உள்ள விட்டுக் கலக்குவோமுங்க, அடங்கிரும்.” நான் நண்பரைப் பார்த்தேன். உண்மைதான் என்று தலையாட்டினார். ஈரமரம் எரிந்து கிளம்பும் ஆவி, மின்சாரம் பாய்ச்சும் கரிமுனையை மூடிய வாயுப் படலத்தைக் கலைத்துவிடுமாம். கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு போனால் நின்றுவிடும் என்றும் பெரியவர் சொன்னார். பல்லாயிரம் ஆம்பியர் ஓடும் இடத்தில் காந்தப்புலம் அப்படி.

ஆலையை ஏன் மலையடிவாரத்திலேயே கட்டவில்லை என்று கேட்டேன்.

“மண்ணு இங்க இருந்துச்சுங்க தம்பி, கரண்ட் அங்க இருந்துச்சு.”

ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 15 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பதை நண்பர் சொல்லித்தான் இதன் கனம் புரிந்தது. மேட்டூர் உருக்காலையை மூடியும் வருஷங்கள் ஆகின்றன.

போக விரும்புகிறவர்களுக்கு: ஏற்காடு ஏரியருகே ஆட்டோவும் காரும் கிடைக்கும், கோயில் வரை போய்வர வாடகையை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சாமி குகைக்குள் இருக்கிறது, நன்றாகக் குனிந்துதான் நுழைய வேண்டும். மே மாதத் திருவிழாச் சமயத்தில் கல் பார்க்கப் போகாதீர்கள். கால் வைக்க இடம் இருக்காது.