பினாங்குப் பாலத்தில் நள்ளிரவு மாரத்தான்

மலேசியாவின் பினாங்குப் பாலம் அனைத்துலக மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பவர்களில் பலர் தூரத்துக்குப் பயிற்சி எடுக்கிறார்கள், நேரத்துக்கு எடுப்பதில்லை. முழு மாரத்தான் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் புறப்படும். உடம்பு தூக்கத்துக்குக் கெஞ்சும் வேளை அது. கடைசி இரண்டு மாதங்களில் இரண்டு மூன்று நீண்ட ஓட்டங்களையாவது அதே நேரத்தில் ஓடிப் பார்ப்பது நல்லது. வயிறு என்ன சொல்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கோலாலம்பூரிலிருந்து வருபவர்களுக்கு இடிஎஸ் எனும் மின்சார விரைவு ரயில் வசதி. சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரியில் ஜார்ஜ்டவுன். ஆனால் ஜார்ஜ்டவுனில் அறை எடுக்க வேண்டாம். புறப்படும் இடம் வழக்கமாகக் குயின்ஸ்பே மால் பக்கம், ஓட்ட இரவில் சுற்றுவட்டாரச் சாலைகளை மூடிவிடுவார்கள், செயலியில் அழைக்கும் கிராப் கார் பாதியிலேயே நின்றுவிடும். சுங்கை நிபோங், பாயான் பாரு பக்கம் நடந்து போகும் தொலைவில் தங்கினால் ஒரு கவலை குறையும்.

முதல் நாள் மாலை, சோற்றில் பல கறிக்குழம்பு ஊற்றித் தரும் நாசி கண்டார் கடையைக் கண்டும் காணாமல் கடந்துவிடுங்கள். குழம்பை வெள்ளமாக ஊற்றும் அந்தக் கறி பஞ்சிர் ஓடி முடித்த பிறகும் கிடைக்கும். எண்ணெய், காரம், நார்ச்சத்து மூன்றும் நள்ளிரவு ஓட்டத்தில் கழிப்பறை வரிசையில்தான் நிறுத்தும். மதியம் வெள்ளைச் சோறும் கோழியும் சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் தூங்கலாம். இரவு பத்து மணிக்கு ரொட்டியில் காயா (தேங்காய்ப்பால் ஜாம்) தடவி இரண்டு துண்டு, ஒரு வாழைப்பழம் போதும்.

வெயில் இல்லையே, குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். பின்னிரவில் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். வியர்வை காய்ந்தால்தான் உடற்சூடு தணியும், இங்கே அது காயாமல் சொட்டிக்கொண்டே போகும். ஒரே வேகத்தில் ஓடினாலும் இதயத் துடிப்பு மெல்ல ஏறும். அதனால் முதல் 10 கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரி. கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் இதை மீறாதீர்கள்.

எவ்வளவு குடிப்பது? பயிற்சியின்போது ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடல் எடையைப் பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது, இடையில் குடித்ததையும் அதில் கூட்ட வேண்டும். இழந்ததை முழுசாக நிரப்பத் தேவையில்லை. வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று ஊற்றிக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. 100 பிளஸ் மாதிரிக் காஸ் உள்ள பானம் ஓடும்போது வயிற்றை உப்பவைக்கும். பழக்கமில்லாதவர்கள் சின்னச் சின்ன மிடறாகக் குடிக்கட்டும். சாப்பிடுவதற்கு, ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுக் கணக்கு, ஓட்டக்காரர்களுக்கான ஒரு ஜெல் பொட்டலத்தில் 20 முதல் 25 கிராம் இருக்கும். பசி எடுக்குமுன், முதல் 40 நிமிடத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மேல் கால் கல்லாகிப் போவதற்குப் பாதிக் காரணம் இதைத் தள்ளிப்போடுவதுதான். மீதிப் பாதி, தொடக்கத்தில் காட்டிய அவசரம்.

1985இல் திறக்கப்பட்ட இந்தப் பாலத்தின் மொத்த நீளம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேலே 8.4. முழுசாகப் போய்த் திரும்பினாலும் 27தான் ஆகும், மாரத்தானின் 42 கிலோமீட்டரில் மிச்சத் தூரம் தீவுப் பக்கத்து நெடுஞ்சாலையில். காரில் போகும்போது தட்டையாகத் தெரிகிற பாலம், கப்பல் போக நடுவில் உயர்த்தப்பட்டிருப்பது காலுக்குத்தான் தெரியும். ஏற்றத்தில் காலடியைச் சுருக்குங்கள், இறக்கத்தில் தாவாதீர்கள், தொடைத் தசை அங்கேதான் கிழியும். இணைப்பு இடுக்குகளில் இரும்புப் பட்டைகள் உண்டு. மழை பெய்தால் வழுக்கும். காற்று ஒரு பக்கம் தள்ளினால் திரும்பும்போது முகத்தில் அடிக்கும், அதற்கும் கொஞ்சம் தெம்பு மிச்சம் வையுங்கள்.

அக்குள், தொடையிடுக்கு, குதிகால் மூன்றிலும் வாசலின் தடவ வேண்டும். ஆண்கள் மார்புக்காம்பில் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்ளட்டும்; நனைந்த பனியன் 25 கிலோமீட்டருக்குள் இரத்தம் வரவைக்கும். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம். புதுக் காலணியும் அப்படித்தான்.

முடித்ததும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடமாவது நடங்கள், சட்டென்று நின்றால் தலைசுற்றும். அன்றே கோலாலம்பூருக்குக் கார் ஓட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். தூக்கமில்லாத கண்ணுக்குப் பிளஸ் நெடுஞ்சாலையில் 350 கிலோமீட்டர் ரொம்ப அதிகம். மாலை ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிட்டால் நாசி கண்டாருக்கும் நேரம் இருக்கும்.