எழும்பூரில் ஒரு ஞாயிறு

ஜூன் கடைசி ஞாயிறு. விடிகாலையில் பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் இறக்கிவிட்டது. வீட்டில் இன்டர்வியூ என்று சொல்லியிருந்தேன். "ஏல, மெட்ராஸ்ல நமக்கு யாரு இருக்கா?" என்று அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வண்டியேறியிருந்தேன்.

தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் நடத்தும் வானவில் சுயமரியாதைப் பேரணி சாயங்காலம்தான். ராஜரத்தினம் ஸ்டேடியம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். சீக்கிரமே போய் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டேன். ரோட்டைத் தாண்டக் கால் வரவில்லை. 2009 ஜூனில் மெரினாவில் முதல் பேரணி நடந்தபோது தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவு அப்படியே இருந்தது. அன்றைக்கே இறங்கி நடந்தவர்கள் எத்தனை துணிச்சல்காரர்கள்! 2018-இல் உச்ச நீதிமன்றம் அது குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்ன பிறகும் நான் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"பேரணிக்குத்தானே தம்பி?"

நாற்பது வயதிருக்கும் ஒரு திருநங்கை. "நானும் முதல் வருசம் இப்படித்தான் நின்னேன்" என்றபடி ஒரு காகித முகமூடியைக் கொடுத்தார். "டிவிக்காரங்க வந்திருக்காங்க. வேணும்னா போட்டுக்கோ. எந்த ஊரு?"

"தென்காசிப் பக்கம்."

எங்கள் பக்கம் இதற்கு அடுத்த கேள்வி, யார் வீட்டுப் பையன். அப்புறம் எந்தத் தெரு. தெருவைச் சொன்னால் சாதி. பழக்கத்தில் உடம்பு இறுகியது. அக்கா கேட்டது வேறு.

"வீட்டுல தெரியுமா?"

இருபத்தேழு வயதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி. தெரிய ஒன்று இருக்கிறது என்று அறிந்தவர்தானே அதைக் கேட்க முடியும்? இல்லையென்று தலையாட்டினேன்.

"சரி விடு, மெதுவா பாத்துக்கலாம்."

அந்த 'லாம்'-ஐப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டினேன்.

பறை அதிர்ந்தது. முகமூடிக்குள் வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக வழிந்தன. அக்காவோடு மூன்று மகள்கள் நடந்தார்கள். பெற்றவர்கள் துரத்திய பிள்ளைகளுக்கு, திருநங்கைகள் தங்களுக்குள் குடும்பமாகச் சேரும் ஜமாத்தில், அவர்தான் தாய். 2025 மே மாதம் இரு பெண்கள் சேர்ந்து வாழ்வது பற்றிய வழக்கில், கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்லை, தேர்ந்தெடுத்த குடும்பமும் குடும்பமே என்றது சென்னை உயர் நீதிமன்றம். இந்த அக்கா வீட்டில் அது எப்போதோ நடைமுறை. மூத்த மகளுக்குக் கால் வலித்ததும் அவள் செருப்பைக் கழற்றித் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

ராத்திரி வண்டிக்கு ஸ்டேஷன்வரை வந்து தயிர்சாதப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். நம்பரைப் பதியும்போது என்ன பெயர் போட என்று கேட்டேன்.

"அக்கான்னு போடு."

என் போனில் ஏற்கெனவே இரண்டு அக்காக்கள் உண்டு. 'மெட்ராஸ் அக்கா' என்று போட்டுக்கொண்டேன்.