அப்பாவை மட்டும் உள்ளே விடாத கம்ப்யூட்டர்

2025 மார்ச் 3, திங்கள்

காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அப்பா கூப்பிட்டுவிட்டார். "பாஸ்வேர்டு சரியாத்தான்டா போடறேன், திரும்பத் திரும்ப வாசல்லயே நிக்க வைக்குது." போய்ப் பார்த்தால் உண்மைதான். பாஸ்வேர்டு போட்டதும் திரை ஒரு நொடி கருக்கிறது, அப்புறம் அதே லாகின் திரை. பாஸ்வேர்டு தப்பாக இருந்தால் தப்பு என்றாவது சொல்லும், இது ஒன்றுமே சொல்லாமல் திருப்பி அனுப்புகிறது. என் கணக்கில் நுழைந்தால் டெஸ்க்டாப் ஜம்மென்று வருகிறது.

நேற்றுதான் பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இயங்குதளத்தைப் புதிதாக நிறுவி, இரண்டு பேருடைய ஹோம் ஃபோல்டரையும் (அவரவர் கோப்புகளும் அமைப்புகளும் இருக்கும் இடம்) காப்பி செய்தேன். என் கணக்கை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று தூங்கப் போனது நான்தான்.

இரவு, 9 மணி. டிஸ்க் நிறைந்துபோனாலும் இப்படித்தான் திருப்பி அனுப்பும் என்பதால் முதலில் அதைப் பார்த்தேன். இடம் தாராளமாக இருக்கிறது. சோதனைக்கு மூன்றாவதாக ஒரு கணக்கு உருவாக்கினேன், அதுவும் சிக்கலில்லாமல் நுழைந்தது. அப்படியானால் கிராபிக்ஸ் டிரைவர், திரையில் எல்லாவற்றையும் வரைந்து காட்டும் எக்ஸ் சர்வர், லாகின் திரையை நடத்தும் லைட்டிஎம் எல்லாம் நிரபராதிகள். அவை எல்லோருக்கும் பொது. அப்பாவுக்கு மட்டும் சொந்தமானது அவருடைய ஹோம் ஃபோல்டர்தான்.

மார்ச் 4, செவ்வாய்

லாகின் திரையிலேயே கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, எழுத்து மட்டும் தெரியும் கன்சோலுக்குப் போய் அப்பா பெயரில் நுழைந்தேன். நேராக உள்ளே விட்டது! பாஸ்வேர்டு மேல் இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் போயிற்று.

டெஸ்க்டாப்பின் பிழைகளைக் குறித்துவைக்கும் எக்ஸ்செஷன் எரர்ஸ் கோப்பைத் திறந்தேன். கடைசித் தேதி ஞாயிறு. நேற்று எத்தனை முறை தோற்றோம், ஒரு வரி கூட ஏறவில்லையே? பிழையே இல்லை போலிருக்கிறது என்று முட்டாள்தனமாக நினைத்துவிட்டு, பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும் எக்ஸ்அத்தாரிட்டி கோப்பைப் பார்த்தேன். உரிமையாளர்: ரூட், அதாவது முழு அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு. டெஸ்க்டாப் தொடங்கும்போது லைட்டிஎம் அப்பாவின் சார்பில் இந்தக் கோப்பில் ஒரு சாவியை எழுத வேண்டும், எழுத முடியாவிட்டால் அங்கேயே கதை முடிந்தது. ஃபோல்டர் அப்பாவுடையது என்பதால் அந்தக் கோப்பின் பெயரை மாற்ற, ரூட் அதிகாரத்தைக் கடன் தரும் சூடோ கட்டளை கூடத் தேவைப்படவில்லை. மாற்றினேன், உள்ளே போனோம்.

போனோம் என்றுதான் பேர். பேத்தி படம் வைத்த வால்பேப்பர் காணோம், பயர்பாக்ஸ் புரொஃபைலை ஏற்ற முடியவில்லை என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. "நேத்திக்கு இதைவிடத் தேவலை" என்றார் அப்பா.

மார்ச் 5, புதன்

மறைந்த கோப்புகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டேன். புள்ளியில் தொடங்கும் பெயர் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ரூட், ரூட், ரூட். அந்த எரர்ஸ் கோப்பும்தான். எழுத அனுமதியில்லாத கோப்பில் பிழை எங்கிருந்து ஏறும்?

ஞாயிறன்று அப்பாவின் ஃபோல்டரை ரூட்டாக நின்று காப்பி செய்தேன், அதனால் உள்ளே இருந்த எல்லாம் ரூட் பெயருக்குப் போனது. அதைச் சரிசெய்யவும் செய்தேன், ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு, உரிமையாளரை மாற்றும் சௌன் கட்டளைக்கு, ‘இங்கே உள்ள எல்லாம்’ என்று பொருள்படும் நட்சத்திரக் குறி கொடுத்து. நட்சத்திரம் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது. ஆவணங்களும் படங்களும் அப்பா பெயருக்கு மாறின, மறைந்திருந்தவை அத்தனையும் அப்படியே நின்றுவிட்டன. புள்ளியும் நட்சத்திரமும் சேர்த்துக் கொடுக்கலாமே என்று கை போனது, நல்லவேளை நிறுத்தினேன்: கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷின் பழைய பதிப்புகளில் அது, மேல் ஃபோல்டரைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியையும் பிடித்து, அங்கே ஏறி, என் கோப்புகளையும் அப்பா பெயருக்கு எழுதி வைத்துவிடும்.

ஃபோல்டரின் முழுப் பாதையையே கொடுத்து சௌனை ஓட்டினேன். வால்பேப்பரில் பேத்தி வந்துவிட்டாள். அப்பா செஸ் ஆடிக்கொண்டிருக்கிறார், யார் செய்த கோளாறு என்று இதுவரை கேட்கவில்லை.